பழவேற்காட்டில் திறந்த கதவு: பல்கலைக்கழகச் செவ்வியல் கல்வியும் இரண்டாம் தொன்மொழியும்

ஆய்வுச் சுருக்கம்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சமயகுருவாகப் பழவேற்காட்டில் 1632 முதல் 1642 வரை பணியாற்றிய ஆபிரகாம் ரோஜேரியுஸ் எழுதிய நூல் 1651ஆம் ஆண்டு லைடனில் அச்சாயிற்று. பர்த்ருஹரியின் செய்யுட்களுள் ஏறத்தாழ 200 அந்நூலில் டச்சு உரைநடையாக இடம்பெற்றன. மூலமொழியை அறியாத ஒருவர் இடைமொழியின் துணையால் செவ்வியற் பனுவல் ஒன்றை அணுகும்போது அவர் பெறுவன எவை, இழப்பன எவை என்பதற்கு இந்நிகழ்வு தெளிவான சான்றாகும். சங்க இலக்கியத்தை முதன்மைப் பாடமாகக் கொண்டு முதுகலையும் முனைவர் பட்டமும் பயிலும் மாணவர்க்கு இரண்டாவது தொன்மொழி ஒன்றில் வாசிப்புத் திறன் ஏன் வேண்டும் என்பதை இச்சான்றினின்று தொடங்கி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செவ்வியல் கல்வி, பழவேற்காடு, காட்டூர், ரோஜேரியுஸ், பர்த்ருஹரி, பிராகிருதம், நெய்தல், கைலாசபதி.

ஏரிக்கரையின் எழுத்துகள்

திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்தில் காட்டூர், தத்தைமஞ்சி, திருப்பாலைவனம், பழவேற்காடு முதலிய ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இவ்வூர்களை ஒட்டிக் கிடக்கிறது. அதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்தைச் சார்ந்தது, தென்பகுதி தமிழ்நாட்டிற்குரியது. மீன்பிடித்தலும் இறால் பிடித்தலும் வேளாண்மையும் இப்பகுதி மக்களின் தொழில்கள். இன்று இவ்வூர்களின் பெயர் நாளிதழ்களில் வருவது பெரும்பாலும் முகத்துவார மணல்மேடு, துறைமுக விரிவாக்கம் ஆகியன பற்றிய செய்திகளில்தான். மொழி ஆராய்ச்சியாளருக்கு இப்பகுதி தரும் செய்தி வேறு.

இக்கரையில் காணக்கிடைக்கும் எழுத்துகளை எண்ணிப் பார்க்கலாம். கோயிற் கல்வெட்டுகளில் தமிழும், வடசொற்கள் வரும் இடங்களில் கிரந்தமும் உள்ளன. ஏரியின் வடகரையிலும் இப்பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றிலும் தெலுங்கு வழங்குகிறது. இசுலாமியக் குடும்பங்களிடையே அரபியும், அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் மரபும் வழங்கிவந்தன. டச்சுக்காரர் 1610இல் இங்கு வணிகநிலையம் கண்டு, 1613இல் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்படும் வரை சோழமண்டலக் கடற்கரை முழுவதற்கும் அவர்களது ஆட்சித் தலைமையிடம் பழவேற்காடே. அவர்கள் விட்டுச்சென்ற கல்லறைகளில் டச்சு மொழி வாசகங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அக்கல்லறைத் தோட்டம் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. டச்சுக்காரருக்கு முன்னரே வந்து கடற்கரை முழுவதும் பரவிவிட்ட போர்த்துகீசியம், கல்லில் மிகுதியாக நிலைக்காவிடினும் அக்காலத்து வணிகர், துபாஷிகள், சமயகுருமார் ஆகியோரின் பொதுமொழியாக விளங்கியது.

இப்பகுதியிலிருந்து பொன்னேரிக்கோ சென்னைக்கோ சென்று தமிழில் இளங்கலையும் முதுகலையும் முடித்துத் திரும்பும் ஒரு மாணவர், தம் ஊரைச் சூழ்ந்துள்ள இவ்வெழுத்துகளுள் ஒன்றனை மட்டுமே படிக்க வல்லவராயிருப்பார். ஓர் ஊரின் அனைத்து மொழிகளையும் ஒருவரே கற்றாக வேண்டும் என்று எவரும் கோரார். ஆயினும் செவ்வியல் மொழிக் கல்வி என்று பெயர் பெற்ற ஒன்று, ஒரு மொழியோடு நின்றுவிடும்போது அம்மொழியையே எவ்வாறு குறைவுபட அறியச் செய்கிறது என்பது கேட்கப்பட வேண்டிய வினா.

லைடனிலிருந்து வந்த மாணவர்

1575இல் நிறுவப்பெற்ற லைடன் பல்கலைக்கழகம் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பியத் தொன்மொழிக் கல்வியின் முதன்மை நிலையங்களுள் ஒன்று. இலத்தீனே அங்குப் பயிற்றுமொழி. இறையியல் பயில்வோர் கிரேக்கமும் எபிரேயமும் கற்றனர். அரபு மொழிக்குத் தனிப் பேராசிரியர் பதவியும் இருந்தது; 1625 முதல் யாகோபுஸ் கோலியுஸ் அப்பதவியை வகித்தார். கீழைநாடுகளுக்கு அனுப்பும் சமயகுருமாரைப் பயிற்றுவிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொருளுதவியால் பேராசிரியர் அந்தோனியுஸ் வாலேயுசின் தலைமையில் 1622இல் அங்கு ஒரு பயிலகம் தொடங்கியது. ஏறத்தாழப் பத்தாண்டுகளே அது நிலைத்தது. அதில் பயின்ற ஒருசிலருள் ஒருவர் ரோஜேரியுஸ்.

மொழிகளைக் கற்கும் முறையை அறிந்தவராகத்தான் அவர் பழவேற்காட்டிற்கு வந்தார். சொல்லகராதி, இலக்கணம், மூலபாடம், உரை ஆகிய நான்கும் ஒரு தொன்மொழியை அடையும் வழிகள் என்பதை இலத்தீனும் கிரேக்கமும் அவருக்குக் கற்பித்திருந்தன. வடமொழியைப் பொறுத்தவரை இந்நான்கனுள் ஒன்றும் அவருக்குக் கிட்டவில்லை. கிட்டியவர் பத்மநாபன் என்னும் அந்தணர். டச்சுக்காரரின் பாதுகாப்பை நாடிப் பழவேற்காட்டில் தங்கியிருந்த அவர் போர்த்துகீசியம் பேசுவார். இருவரும் அம்மொழியிலேயே உரையாடினர். அவ்வுரையாடல்களினின்று ரோஜேரியுஸ் தொகுத்தவையே அந்தணர்களின் வாழ்வொழுக்கத்தையும் வழிபாட்டையும் இரு பகுதிகளாக விரிக்கும் பெருநூலாயின. மறைந்து கிடக்கும் புறச்சமயத்திற்குத் திறந்த கதவு என்னும் பொருள்பட அதற்குப் பெயரிடப்பட்டது. ஆசிரியர் 1647இல் தாயகம் திரும்பி 1649இல் மறைந்தமையால் நூல் அவர்தம் மனைவியின் முயற்சியால் 1651இல் வெளிவந்தது. 1663இல் செர்மானிய மொழியிலும் 1670இல் பிரெஞ்சு மொழியிலும் பெயர்க்கப்பட்டது.

நூலின் இணைப்பாக அமைந்தவையே பர்த்ருஹரியின் செய்யுட்கள். வில்கின்சின் பகவத்கீதை ஆங்கில ஆக்கம் 1785இல்தான் வெளிவந்தது. அதற்கு 134 ஆண்டுகளுக்கு முன்னரே வடமொழி இலக்கியப் பனுவல் ஒன்று ஐரோப்பிய மொழியில் அச்சேறிவிட்டது. இத்தகைய முதல் நிகழ்வாக இதனையே ஆய்வாளர் குறிப்பிடுவர். அது கல்கத்தாவிலோ காசியிலோ நிகழவில்லை. இன்று இறால் ஏலம் நடைபெறும் ஒரு தமிழகக் கடற்கரைச் சிற்றூரில் நிகழ்ந்தது. நம் இலக்கிய வரலாறுகள் இதனை ஒருவரித் தகவலாகக்கூடப் பெரும்பாலும் குறிப்பதில்லை.

இனி, அப்பனுவல் கடந்து வந்த வழியைக் காண வேண்டும். வடமொழிச் செய்யுளைப் பத்மநாபன் தம் நினைவிலிருந்தோ ஏட்டிலிருந்தோ எடுத்துப் போர்த்துகீசியத்தில் பொருள் கூறுகிறார். அதனைக் கேட்ட ரோஜேரியுஸ் டச்சில் எழுதுகிறார். டச்சிலிருந்து அது செர்மானியத்திற்குச் செல்கிறது. செர்மானிய வடிவத்தைப் படித்த ஹெர்டர் அதனைத் தம் நடையில் மீண்டும் கவிதையாக்குகிறார். ஒவ்வொரு கட்டத்திலும் யாப்பு போயிற்று, சிலேடை போயிற்று, அணிநலன் போயிற்று என்பதை எவரும் ஊகிக்கலாம். இவற்றினும் பெரிதான இழப்பு வேறொன்று: பாடத்திற்கும் உரைக்கும் இடையேயுள்ள எல்லை. பதவுரை, பொழிப்புரை, விளக்கவுரை எனப் பிரித்துணரும் மரபில் வளர்ந்தவர் நாம். பரிமேலழகர் எங்கே குறளின் சொல்லைத் தருகிறார், எங்கே தம் கருத்தைச் சேர்க்கிறார் என்று வகுப்பறையில் விவாதிக்கிறோம். மூலம் கண்முன் இருப்பதால் அது இயல்கிறது. ரோஜேரியுசின் நூலில் மூலம் இல்லை. ஒரு தொடர் பர்த்ருஹரியுடையதா, பத்மநாபனின் விளக்கமா, ரோஜேரியுசின் தெளிவுரையா என்பதை நூலை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. செய்யுட்கள் அங்கே பொன்மொழிகளாக உருமாறிவிட்டன. இந்தியக் கவிஞர் எனின் அறம் உரைப்பவர் என்ற எண்ணம் ஐரோப்பாவில் பின்னர் வேரூன்றியதில் இவ்வுருமாற்றத்திற்கும் பங்கிருக்கலாம் என்பது என் கருத்து.

நூலின் அச்சுப்பதிப்பில் வேறொரு கையும் உண்டு. முதலெழுத்துகளை மட்டும் தந்து தம் பெயரை மறைத்துக்கொண்ட ஒருவர் விரிவான அடிக்குறிப்புகளைச் சேர்த்துள்ளார். கிரேக்க, இலத்தீன் நூலாசிரியர்களை மேற்கோள் காட்டி அந்தணர்களின் வழக்கங்களோடு ஒப்பிட்டுச் செல்கிறார் அவர். ஒரு பக்கத்தின் மேற்பாதியில் பழவேற்காடு. கீழ்ப்பாதியில் ஏதென்சும் உரோமும். ஒப்பியல் நோக்கின் தொடக்க முயற்சி என்று இதனைப் பாராட்டலாம். எனினும், ஒப்பிடப்படும் இரண்டனுள் ஒன்று மூலமொழியிலும் மற்றொன்று மூன்றாம் கைச் செய்தியாகவும் நிற்கும்போது, எது எதற்கு அளவுகோலாகிறது என்பது சொல்லாமலே விளங்கும். லைடனில் வடமொழிக்குப் பேராசிரியர் பதவி ஏற்பட்டது 1865இல், ஹென்ட்ரிக் கெர்ன் காலத்தில்தான். கதவு திறந்த பின் உள்ளே செல்லும் மொழியைக் கற்க அப்பல்கலைக்கழகத்திற்கு 214 ஆண்டுகள் தேவைப்பட்டன.

விடுபட்ட நூறு

பர்த்ருஹரியின் பெயரால் வழங்குவன மூன்று சதகங்கள்: நீதி, சிருங்காரம், வைராக்கியம். ரோஜேரியுஸ் தருவன நீதியும் வைராக்கியமும் மட்டுமே. காமம் பற்றிய நூற்றைப் பத்மநாபன் ஏதோ காரணம் பற்றி விளக்க விரும்பவில்லை என்று அவரே எழுதுகிறார்.

தமிழாய்வாளருக்கு இவ்விடத்தில் உடனே நினைவு வருவது வீரமாமுனிவரின் திருக்குறள் இலத்தீன் ஆக்கம். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றப்பட்ட அதிலும் அறமும் பொருளும் உண்டு, காமத்துப்பால் இல்லை. பின்னர் ஜி.யு. போப் தம் 1886ஆம் ஆண்டுத் திருக்குறள் பதிப்பில் அவ்விலத்தீன் வடிவத்தையும் சேர்த்து வெளியிட்டார். துறவியாதலின் காமத்துப்பாலைத் தவிர்த்தார் என்று வீரமாமுனிவரைப் பற்றிக் கூறுவது வகுப்பறை வழக்கு. பழவேற்காட்டுச் சான்று அவ்வழக்கை அப்படியே ஏற்றுக்கொள்ள விடுவதில்லை. இங்கே தயங்கியவர் கிறித்தவ குரு அல்லர், மரபறிந்த அந்தணர். வேற்றுச் சமயத்துக் குருவின் முன் காமச்செய்யுளைச் சொல்லக் கூசினாரா, தம் மரபின் மேன்மைக்கு அது இழுக்கென எண்ணினாரா, அல்லது அதனை எழுத விரும்பாத ரோஜேரியுஸே பொறுப்பை அவர்மீது ஏற்றினாரா? ரோஜேரியுசின் சொல்லைத் தவிர நமக்கு வேறு சான்றில்லை. ஆனால் ஒன்று தெளிவு. செவ்வியற் பனுவலை அயலார்க்கு அறிமுகம் செய்யும் போதெல்லாம் அறம் முன்வைக்கப்பட்டு அகம் பின்தள்ளப்படும் போக்கில் அறிமுகம் பெறுபவர், தருபவர் ஆகிய இரு சாராருக்கும் பங்குண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1708இல் செர்மானிய மொழியில் பெயர்க்கத் தேர்ந்தவையும் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய நீதிநூல்களே.

வீரமாமுனிவரின் இலத்தீன் ஆக்கத்தைப் பற்றித் தமிழில் எழுதுவோர் அவ்விலத்தீனைப் படித்து எழுதுவது அரிது. அதனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டதைப் படித்து எழுதுவதே பெருவழக்கு. ரோஜேரியுஸ் பத்மநாபனை நம்பியது போன்றதே இதுவும். அவருக்கு வேறு வழியிருக்கவில்லை என்பதே வேறுபாடு.

ஒப்புநோக்க வேண்டிய 200

மூலமொழி அறிவு கைவரும்போது இதே பனுவல் எவ்வாறு பயன்படும் என்பதற்கு ஒரு குறிப்பு. கணித அறிஞரான டி.டி. கோசாம்பி பர்த்ருஹரி செய்யுட்களின் செம்பதிப்பை 1948இல் வெளியிட்டார். நாடெங்கும் சிதறிக்கிடந்த சுவடிகளை ஒப்பிட்டு அவர் கண்ட முடிவு வியப்பிற்குரியது. சுவடிகளின் பொதுச்சான்று பெற்ற செய்யுட்கள் 200. ஐயத்திற்குரியனவாயினும் பரவலாகக் காணப்படுவன 152. ஆங்காங்கே சேர்ந்துகொண்ட உதிரிகள் 500. முந்நூறு என்று பெயர்பெற்ற தொகுப்பு 852 செய்யுட்களாகப் பெருகிக் கிடந்தது.

இங்கே ரோஜேரியுசின் நூல் புதிய மதிப்பைப் பெறுகிறது. ஓலைச்சுவடிகள் பலவற்றில் காலக்குறிப்பு இராது. இருப்பினும் படியெடுத்த காலமே தெரியும். 1632க்கும் 1642க்கும் இடையே சோழமண்டலக் கரையில் வழங்கிய பர்த்ருஹரி எது என்று காலமும் இடமும் சுட்டிச் சொல்ல வல்லது இந்த டச்சு வடிவம். அதிலுள்ள ஒவ்வொரு பொன்மொழியையும் கோசாம்பியின் எண்களோடு வைத்து நோக்கினால், தென்னாட்டுப் பாடமரபின் ஒரு நிலையை உறுதியாக வரையலாம். பாடத்தையும் உரையையும் பிரித்தறியவும் தொடங்கலாம். வில்லெம் காலண்டு 1915இல் குறிப்புகளோடு பதிப்பித்த டச்சு மூலம் கையிலிருக்கிறது. வடமொழியும் சற்றே பழைய டச்சும் படிக்கத் தெரிந்த ஒருவர் போதும். பழவேற்காட்டைப் பற்றிய இப்பணி தமிழ்நாட்டுத் துறையொன்றில் நடைபெற வேண்டுமெனின் அத்தகைய மாணவர் எங்கிருந்து வருவார் என்பதே சிக்கல்.

சங்க இலக்கியக் காலம் பற்றிய வழக்கு

பர்த்ருஹரி வடமொழியாளரின் கவலை, தமிழ்த்துறைக்கு அவரால் ஆவதென்ன என்று வினவலாம். அவ்வினாவிற்கு விடையாக, சங்க இலக்கியத்தையே நேரடியாகத் தாக்கும் ஒரு விவாதத்தை எடுத்துக்கொள்வோம்.

1975இல் வெளிவந்த தம் நூலில் ஜார்ஜ் ஹார்ட், சங்க அகப்பாடல்களுக்கும் மகாராட்டிரப் பிராகிருதத்தில் அமைந்த காதா சப்தசதிக்கும் உள்ள ஒப்புமைகளை விரித்துரைத்தார். தக்காணத்துப் பொதுமரபு ஒன்றே அவ்வொப்புமைகளின் ஊற்று என்பதும், அம்மரபே பிராகிருதம் வழியாக வடமொழிக் காவியங்களையும் சென்றடைந்தது என்பதும் அவர் கொள்கை. 2001இல் ஹெர்மன் டீக்கன் இதனை முற்றிலும் தலைகீழாக்கினார். சங்கப் பாடல்கள் பாண்டியர் ஆதரவில் 8ஆம் 9ஆம் நூற்றாண்டளவில் ஆக்கப்பட்டவை. அவற்றின் அகமரபு வடமொழி, பிராகிருதக் காவிய வகைகளைப் பின்பற்றியது என்பது அவர் வாதம். ஹார்ட், ஏவா வில்டன் முதலியோர் இதனை மறுத்தெழுதினர். டீக்கனின் காலக்கணிப்பைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. கல்வெட்டுச் சான்றுகளும், சங்கப் பனுவல்களின் மொழிநிலையும் அதற்கு இடந்தரவில்லை.

ஆயினும் ஏற்காமைக்கு நாம் கூறும் காரணங்களின் தன்மையை நோக்க வேண்டும். டீக்கன் பிராகிருதச் செய்யுட்களை மூலத்தில் படித்தவர். லைடனில் அத்துறையில் பணிபுரிந்தவர். அவர் வாதத்தின் ஒரு பாதி சங்கப் பாடல்களைப் பற்றியது. மறுபாதி காதா செய்யுட்களின் இயல்பைப் பற்றியது. முதற்பாதியை நாம் திறம்பட மறுக்கிறோம். மறுபாதியில் அவர் ஒரு காதாவிற்குக் கொண்ட பொருள் சரிதானா, அச்செய்யுளில் பேசுபவள் தலைவியா தோழியா, அவ்வாறு கொள்வதற்குச் செய்யுளிலேயே சான்றுண்டா, உரைகாரர் ஏற்றியதா என்னும் வினாக்கள் எழுகின்றன. இவை அனைத்தும் நமக்கு நன்கு பழகிய வினாக்கள். குறுந்தொகைப் பாடலின் கூற்று, துறை பற்றி நாள்தோறும் கேட்பவை. காதா செய்யுளிடம் அவற்றைக் கேட்க நமக்கு மொழி இல்லை. தமிழ் மொழிபெயர்ப்புகள் உண்டு. அவை நயம் காட்டுமேயன்றி வழக்கை முடிவு செய்ய உதவா. துறைக்குறிப்பும் கூற்றுமரபும் கற்றுத் தேர்ந்த தமிழ் மாணவர் ஒருவர் பிராகிருதமும் படிப்பாராயின், இவ்விவாதத்தில் ஐரோப்பிய, அமெரிக்க அறிஞர் எவரினும் வலிமையான நிலையில் நிற்பார். இன்றோ, நம் இலக்கியத்தின் காலம் பற்றிய வழக்கில் இரு தரப்பு வழக்குரைஞரும் வெளியிலிருந்து வர, நாம் பார்வையாளராக அமர்ந்து ஒரு தரப்பிற்குக் கைதட்டுகிறோம். 2004இல் தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்பட்ட பின்னும் இந்நிலை பெரிதும் மாறவில்லை.

2024 அக்டோபரில் பாலியும் பிராகிருதமும் செம்மொழிகளாக அறிவிக்கப்பட்டுள்ளன. நம் துறைகளுக்கு இது நல்ல வாய்ப்பு. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளைப் படிப்போர்க்குப் பிராகிருதம் இன்றியமையாதது என்பது ஐராவதம் மகாதேவனின் 2003ஆம் ஆண்டுப் பெருநூலைப் புரட்டிய எவர்க்கும் தெரியும்.

பிளாஸ்கெட் தீவும் நெய்தற் கரையும்

இரண்டு தொன்மொழிகளைக் கொண்டு தமிழை நோக்கிய முயற்சிக்கு நம்மிடையே சிறந்த முன்னோடிகள் உளர். ஈழத்து அறிஞர் க. கைலாசபதி பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டுதலில் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். தமிழ் வீரயுகப் பாடல்களை ஹோமரின் காவியங்களோடும் பிறநாட்டு வாய்மொழிப் பாடல்களோடும் ஒப்பிட்ட அவ்வாய்வு 1968இல் ஆக்ஸ்போர்டில் நூலாயிற்று. பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிக் கார்த்திகேசு சிவத்தம்பி ஆராய்ந்ததும் அதே தாம்சனிடமே. கைலாசபதியின் வாய்மொழிக் கோட்பாட்டை இன்று அப்படியே ஏற்பவர் சிலரே. ஆயினும் புறநானூற்றைக் குறித்து அதுவரை எவரும் கேளாத வினாக்களைக் கேட்க அவருக்கு இயன்றது. கிரேக்கத் துறையில் அமர்ந்து தமிழைப் படித்தமையே அதற்குக் காரணம்.

தாம்சனைப் பற்றி இங்கு ஒன்று சொல்லியாக வேண்டும். இளமையில் அவர் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பிளாஸ்கெட் தீவிற்குச் சென்றார். அது மீனவர் வாழ்ந்த சிறு தீவு. அங்கே ஐரிஷ் மொழியைத் தீவினரிடமே கற்றார். அவர்களுள் ஒருவரான மாரிஸ் ஓ சலிவன் தம் வாழ்க்கையை எழுதத் துணைநின்றார். அந்நூல் 1933இல் வெளிவந்து புகழ்பெற்றது. கால்வே பல்கலைக்கழகக் கல்லூரியில் கிரேக்கத்தை ஐரிஷ் மொழி வாயிலாகக் கற்பித்தார். எழுத்தறிவு மிகாத அம்மீனவரின் பேச்சைக் கேட்ட பின்னரே ஹோமரின் மொழி தமக்கு உயிர்பெற்றது என்பது அவர் தம் எழுத்துகளில் வலியுறுத்திய செய்தி. கேம்பிரிட்ஜில் கற்ற கிரேக்கத்தை விளங்கிக்கொள்ள ஒரு மீனவர் தீவு அவருக்குத் தேவைப்பட்டது. அவ்வறிவே பின்னர்க் கைலாசபதி வழியாகப் புறநானூற்றை வந்தடைந்தது.

காட்டூரிலிருந்தும் ஏரியைச் சூழ்ந்த குப்பங்களிலிருந்தும் வரும் மாணவரிடம் தாம்சன் தேடிச்சென்ற செல்வம் இயல்பாகவே உள்ளது. நெய்தற் பாடல்களில் வரும் கழி, கானல், இறவு, சுறா, அடும்பு, தாழை என்பன பிற மாணவர்க்கு அகராதிச் சொற்கள். இவருக்கோ நாள்தோறும் காண்பவை. மணலில் படரும் அடப்பங்கொடியே அடும்பு என்று சொன்னால் போதும், அதன் இலையின் வடிவத்தை உவமையாக்கிய புலவனின் கண் இவருக்கு விளங்கிவிடும். சொற்பொருள் வரலாற்றிற்கும் இங்கு இடமுண்டு. பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்பது குறிப்பிட்ட மீன்பிடியிடத்தையும், அங்கு வலையிடக் குடும்பங்களுக்குள் சுழற்சியாக வகுத்துக்கொண்ட உரிமை முறையையும் குறிக்கும். இம்முறையைச் சமூகவியலாரும் சூழலியலாரும் ஆராய்ந்துள்ளனர். படு என்னும் வினையடியாகப் பிறந்து சங்க நூல்களில் ஒலி, பெருமை, படுதல் எனப் பல பொருளில் வரும் இச்சொல், ஏரியில் முறையுரிமையைக் குறிக்கும் சொல்லாக எப்படி வளர்ந்தது? இக்கேள்வியை மீனவர் குடும்பத்து மாணவர் கேட்பது எளிது. அதற்கு விடைகாணத் தெலுங்குக் கரையின் வழக்கையும், கல்வெட்டுகளில் முறை, பங்கு பற்றி வரும் சொற்களையும் ஒப்புநோக்க வேண்டும். உயிர்ப்பேச்சு ஒரு கையிலும் இரண்டாம் மொழி மறுகையிலும் இருந்தாலன்றி அவ்வாய்வு நிறைவுறாது.

பாடத்திட்டத்தில் என்ன செய்யலாம்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெரினா வளாகத்தில் தமிழ் இலக்கியம், தமிழ் மொழி, சமற்கிருதம், தெலுங்கு, அரபு ஆகிய துறைகள் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. ஒரு துறையின் படியிறங்கி மறுதுறையின் படியேறச் சில நிமிடங்கள் போதும். பாடத்திட்டத்தின் வழியோ அத்துணை எளிதன்று. விருப்பப் பாடம் என்னும் பெயரில் பிறதுறைத் தாள் ஒன்றைத் தேரும் வாய்ப்பு உண்டெனினும், தொன்மொழியொன்றை அடியிலிருந்து கற்க ஒரு பருவத்துத் தாள் போதாது. மேலும் அத்தாள்கள் பெரும்பாலும் அம்மொழியின் இலக்கிய வரலாற்றைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ கூறுவனவாக அமைகின்றன. இலக்கிய வரலாறு வேறு. மொழியைப் படித்தல் வேறு.

தேவைப்படுவது பேச்சுத்திறனோ எழுத்துத்திறனோ அன்று. அகராதியின் துணையோடு ஒரு செய்யுளை நேரே படித்துப் பொருள்காணும் திறன் மட்டுமே. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இத்தகைய வாசிப்பு வகுப்புகள் நெடுங்காலமாக உள்ளன. புதுச்சேரியில் பிரெஞ்சுத் தூரகிழக்குக் கல்வி நிறுவனம் நடத்திவரும் செவ்வியல் தமிழ்ப் பயிலரங்கும் அம்முறையினதே: ஆசிரியரும் மாணவரும் வட்டமாக அமர்ந்து ஒரு பாடலைச் சொற்சொல்லாகப் பிரித்து, சுவடிப் பாடங்களை ஒப்பிட்டுச் செல்வர். அயல்நாட்டு மாணவர் நம் சங்கப் பாடலை அவ்வாறு படிக்கையில், நம் மாணவர் காதா செய்யுளை அவ்வாறு படிக்கத் தடையாவது எது? முதுகலையின் நான்கு பருவங்களிலும் வாரம் இரண்டு மணிநேரம் ஒதுக்கினால், மாணவர் ஒருவர் பிராகிருத இலக்கணத்தின் அடிப்படையை முடித்து ஐம்பது காதாக்களையாவது மூலத்தில் படித்திருப்பார் என்பது என் கணிப்பு. தமிழ் மாணவர்க்கு இதில் ஒரு சலுகையும் உண்டு. திணை, துறை, கூற்று, உள்ளுறை என்பவற்றை முன்பே அறிந்தவராதலின் செய்யுளின் போக்கு அவர்க்குப் புதிதாயிராது. கற்க வேண்டியது மொழி மட்டுமே.

எம்மொழி என்பதில் ஒரே விதி வேண்டியதில்லை. அகப்பாடல் ஆய்வாளர்க்குப் பிராகிருதம், உரைமரபு ஆய்வாளர்க்கு வடமொழி, கிறித்தவத் தமிழ் ஆய்வாளர்க்கு இலத்தீன் அல்லது போர்த்துகீசியம், இசுலாமியத் தமிழ் ஆய்வாளர்க்கு அரபி, எல்லைப்புற வழக்காற்று ஆய்வாளர்க்குத் தெலுங்கு என ஆய்வுப் பொருளே மொழியைத் தேர்ந்து தரும். சேவியர் தனிநாயகம் அடிகள் உரோமில் இலத்தீன் வழிக் கல்வி பெற்றவராதலின், ஐரோப்பிய நூலகங்களில் கிடந்த தொடக்ககாலத் தமிழ் அச்சுநூல்களைத் தேடிச்சென்று அவற்றின் முகப்பையும் முன்னுரையையும் தாமே படித்து அறிவிக்க முடிந்தது. அப்பணியைத் தொடர்வோர் இன்று மிகக் குறைவு.

எதிர்ப்புரை ஒன்று எழும். தமிழின் தனித்தன்மையை நிலைநாட்ட ஒரு நூற்றாண்டு போராடிய துறைகள், மீண்டும் வடமொழியைக் கற்கச் சொல்வது தமிழைத் தாழ்த்துவதாகாதா? 1902இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை நீக்கும் முயற்சி எழுந்தபோது அதனை எதிர்த்து நின்றவர் பரிதிமாற் கலைஞர். தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று நிறுவ முனைந்த அவர் வடமொழிப் புலமையும் உடையவர். பிறமொழியை அறிந்தமையால் அவர் வாதம் வலுப்பெற்றதேயன்றி மெலியவில்லை. ஒரு மொழியின் தனித்தன்மையை ஒப்பீட்டால்தான் நிறுவ இயலும். ஒப்பீட்டிற்கு இரண்டு வேண்டும்.

தொடக்கமாக ஒரு பணியைப் பழவேற்காட்டிலேயே செய்யலாம். அங்குள்ள டச்சுக் கல்லறை வாசகங்கள், கோயிற் கல்வெட்டுகள், குடும்பங்களிடம் எஞ்சியுள்ள அரபுத்தமிழ் ஏடுகள், ரோஜேரியுசின் 200 செய்யுட்கள் ஆகிய நான்கனையும் நான்கு முதுகலை மாணவர் இருபருவக் களப்பணியாகப் பகிர்ந்துகொள்ளட்டும். ஒவ்வொருவருக்கும் வேண்டுவது ஒரு மொழியின் வாசிப்புத்திறன் மட்டுமே. படித்தவற்றை மூலம், எழுத்துப்பெயர்ப்பு, தமிழ்ப் பொருள் என மூன்று நிரலாக எழுதி ஊர்ப் பள்ளி நூலகத்திலும் வைக்கட்டும். அந்நால்வருள் ஒருவரேனும் ஏரிக்கரையைச் சேர்ந்தவராயிருத்தல் நன்று; கல்லறைக்கும் கோயிலுக்கும் வழிகேட்க வேண்டியிராது, பத்மநாபன் எத்தகைய கரையில் நின்று பேசினார் என்பதையும் மற்ற மூவர்க்கு அவரே காட்டுவார்.